பிஸ்கட் பெட்டியும் பார் வைத்த சைக்கிளும்

இரண்டு நிமிடம் ஐம்பது வினாடி ஆனதும் மேரிறோஸ் மினிதெலின் இணைப்பைத் துண்டித்துவிடுவாள். மறுபடி எண்ணைச் சுழற்றி, கீச்சென்ற சத்தம் கேட்டதும் பொத்தானை அழுத்தி, விட்ட இடத்திலிருந்து தேடத் தொடங்குவாள். தொலைபேசிப் புத்தகத்துக்குப் பதிலாக அரசாங்கம் வீட்டுக்கு வீடு சும்மா கொடுத்திருக்கும் அந்தச் சின்னத் திரைப் பெட்டியில் பெயரும் முகவரியும் தேடினால், முதல் மூன்று நிமிடத்துக்குக் காசில்லை. நாலாவது நிமிடத்தை அவள் இதுவரை அரசாங்கத்துக்குக் கொடுத்ததில்லை. ஒரு மாலையில் பதினேழு தடவை இப்படித் துண்டித்துத் துண்டித்து, வானொலி உதிரிப்பாகம் விற்கும் கடைகள் பாரிசில் எங்கெங்கே இருக்கின்றன என்று ஒரு கொப்பி நிறைய எழுதி வைத்திருக்கிறாள்.

மினிதெல் அவளுடையதல்ல. பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் அவள் அறை எடுத்திருக்கும் வீட்டின் சொந்தக்காரி சவரியம்மாளுடையது. அவர் புதுச்சேரிக்காரர், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர், மருத்துவமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பதினேழாவது தடவை பெட்டி கீச்சிட்டபோது சமையலறையிலிருந்து, "ஏம்மா, அந்த மிஷினுக்கும் கொஞ்சம் ரெப்போ குடேன்" என்றார். அதற்கும் ஓய்வு வேண்டுமாம். "ஓம் அன்ரி" என்று பணிவாகச் சொல்லிவிட்டு மேரிறோஸ் பதினெட்டாவது தடவை சுழற்றினாள்.

வயது இருபத்துமூன்று. ஊர் யாழ்ப்பாணத்துக் குருநகர். பாரிசுக்கு வந்து இரண்டரை வருடம். ஆள் குள்ளம், குரல் மட்டும் நல்ல உயரம். தலைமயிரைக் கண்ணாடி முன்னால் நின்று தானே கத்தரித்துக்கொள்வாள், அதனால் ஒரு பக்கம் எப்போதும் கொஞ்சம் நீளமாக இருக்கும். காதில் வாக்மன். அதுவும் ஒரு காதில்தான், மற்றக் காது வீதிக்கு. அதில் ஓடும் கசெட் அவளே பதிந்தது: ஒரு தமிழ்ச் சினிமாப் பாட்டு, அடுத்து வானொலியில் பிடித்த ஒரு பிரெஞ்சுப் பாட்டு, திரும்பவும் தமிழ். இதையும் அதையும் எப்படிச் சேர்த்துக் கேட்கிறாய் என்று யாராவது கேட்டால், இரண்டிலும் மேளம் அடிப்பது ஒரே யப்பான் மெஷின்தான் என்பாள். "மெட்ராசிலை அடிச்சாலும் பாரிசிலை அடிச்சாலும் அது கறண்டிலை ஓடுற மேளம். உங்களுக்குப் பாசை கேக்குது, எனக்கு மெஷின் கேக்குது." இதற்கு மேலும் அவளிடம் வாய் கொடுப்பவர்கள் குறைவு.

யாழ்ப்பாணத்தில் பெண்பிள்ளை சைக்கிள் ஓடுவது ஒரு செய்தியே இல்லை. ஆசிரியை, தாதி, பள்ளிக்கூடப் பிள்ளை எல்லாரும் ஓடுவார்கள். ஆகவே அவள் சைக்கிள் ஓடுவதில் லாச்சப்பலுக்குக் குறையில்லை. குறையெல்லாம் அந்தப் பாரில்தான். பழைய சாமான் சந்தையில் அவள் வாங்கியது ஆண்கள் ஓடும் சைக்கிள். ஆசனத்துக்கும் கைபிடிக்கும் நடுவே குறுக்காகப் பார் போகிறது, காலைத் தூக்கிப் போட்டுத்தான் ஏற வேண்டும். பெர்தோனே வீதியில் மரக்கறி வாங்க வந்தவர்கள் அந்தக் கால் தூக்கும் கணத்தை மட்டும் கவனமாகப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் பேசினார்கள். பொம்பிளைச் சைக்கிளாக ஒன்று வாங்கக்கூடாதா என்று கோயில் வாசலில் ஒரு பெண்மணி அன்பாகவே கேட்டார். பார் இருந்தால்தான் முக்கோணம், முக்கோணம் வளையாது என்று மேரிறோஸ் அங்கேயே அவருக்குப் பாடம் எடுத்தாள். பார் இல்லாத சைக்கிள் பழைய காலத்தில் நீளக் கவுண் போட்ட வெள்ளைக்காரிகளுக்காகச் செய்தது என்றும், தான் கவுண் போடுவதில்லை என்றும் கூட்டிச் சொன்னாள். பெண்மணி பிறகு சைக்கிளை விட்டுவிட்டு அவள் தலைமயிரைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

பாரிசின் வீதிகளோடும் அவளுக்கு ஓயாத வழக்கு இருக்கிறது. நகரசபை சில பெரிய வீதிகளில் பச்சைக் கோடு இழுத்து, அது சைக்கிளுக்கான இடம் என்று அறிவித்தது. கோட்டின்மேல் கார்கள் நிற்கின்றன. காரைச் சுற்றிப் போனால் பின்னால் வரும் லொறிக்காரன் ஹார்ன் அடிக்கிறான். அவள் ஒதுங்க மாட்டாள். திரும்பிப் பார்த்து, "முவா ஓசி" என்பாள். நானும்தான் என்று பொருள். அவளுக்குச் சரளமாக வரும் பிரெஞ்சு அந்த இரண்டு சொல் மட்டுமே என்று கடையில் கேலி செய்வார்கள். எந்த ஹார்னுக்கும் அது போதும் என்பது அவள் கட்சி. யோசித்துப் பார்த்தால் அதில் பிழை சொல்ல முடியவில்லை.

கடை என்றது ஸ்ரீஸ்கந்தராசாவின் வீடியோக் கடையை. லண்டனிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வரும் தமிழ்ப் படக் கசெட்டுகளை வாடகைக்கு விடுகிறார். மேரிறோஸ் அங்கே கவுண்டருக்குப் பின்னால் நின்று, கேட்கிற கசெட்டை எடுத்துக் கொடுக்கிறாள். நாள் முழுவதும் கடைத் தொலைக்காட்சியில் படம் ஓடும். கறுப்பு வெள்ளையில்தான் ஓடும். லாச்சப்பலில் மட்டுமல்ல, பியர்ஃபித், ஓல்னே என்று புறநகரில் எங்கே தமிழ் வீடு இருந்தாலும் அங்கே தமிழ்ப் படம் கறுப்பு வெள்ளையில்தான் ஓடியது. கொப்பி எடுத்து எடுத்து நிறம் தேய்ந்துவிட்டது என்று எல்லாரும் சொன்னார்கள், எல்லாரும் நம்பினார்கள். "புதுப் படத்தையும் பழைய படமாக்கிப் பாக்கிற ஒரே சனம் நாங்கள்தான்" என்று மேரிறோஸ் மட்டும் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்குச் சந்தேகம் வந்தது ஒரு ஜூலை மாதத்தில். கடைத் தொலைக்காட்சியில் பிரான்சைச் சுற்றிவரும் பெரிய சைக்கிள் பந்தயத்தின் கடைசி நாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலாவதாக வருகிறவனின் சட்டை பளிச்சென்ற மஞ்சள். பந்தயம் முடிந்ததும் அதே தொலைக்காட்சியில் கசெட்டைப் போட்டால் கதாநாயகி சாம்பல் பூசியவளாக வருகிறாள். "வெள்ளைக்காரன்ரை சட்டை மஞ்சளாத் தெரியுது, எங்கடை பெட்டை மட்டும் சாம்பலாத் தெரியுறாள். ரீவியும் நிறம் பாக்குதோ அண்ணை?" என்று முதலாளியிடம் கேட்டாள். அவர் சிரித்துவிட்டு விட்டுவிட்டார். அவள் விடவில்லை. அதே கசெட் லண்டனில் நல்ல நிறத்தில் ஓடுவதாக அங்கிருந்து வந்த ஒருவர் சொன்னார். பழைய புத்தகம் விற்பவனிடம் மின்னணுச் சஞ்சிகைகளைக் கட்டாக வாங்கினாள். பிரெஞ்சு படிக்கத் தெரியாது. ஆனால் சேர்க்கிட் படம் உலகமெங்கும் ஒன்றுதானே. ஆறு மாதத்தில் விஷயம் பிடிபட்டுவிட்டது.

விஷயம் இவ்வளவுதான். நம்முடைய கசெட்டுகளில் நிறம் ஒரு முறையில் பதிந்திருக்கிறது. பிரான்ஸ் தன் தொலைக்காட்சிகளுக்கு வேறொரு முறையை வைத்திருக்கிறது. கசெட் நிறத்தைச் சொல்கிறது, தொலைக்காட்சிக்கு விளங்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் மொழிபெயர்க்க ஒரு பெட்டி வேண்டும். அந்தப் பெட்டியை மேரிறோஸ் செய்தாள். பிஸ்கட் வந்த நீலத் தகர டின்னுக்குள் சேர்க்கிட் பலகையை இறுக்கி, ஒரு பக்கம் கசெட் ஓடும் வீடியோ டெக்கின் வயர், மறுபக்கம் தொலைக்காட்சியின் பின்னால் செருகும் அகலமான முளை. சவரியம்மாளின் வீட்டில் அதைப் பூட்டிய அன்று, மூன்று வருடமாகக் கறுப்பு வெள்ளையில் பார்த்த படத்தில் கதாநாயகன் ரோஸ் நிறக் காற்சட்டை போட்டிருந்தது தெரியவந்தது. கறுப்பு வெள்ளையே மேல் என்று சவரியம்மாள் சொன்னார்.

இனிமேல் கசெட் எடுத்துக் கொடுக்கிறவளாக இருக்க முடியாது என்று மேரிறோஸ் முடிவு செய்துவிட்டாள். வீடு வீடாகப் போய்த் தன் கையால் அந்தப் பெட்டியைப் பூட்டிக் கொடுக்கிற வேலை அவளுக்கு வேண்டும். ஸ்ரீஸ்கந்தராசா கெட்டவர் அல்ல, பயந்தவர். முன்பு ஒருவனை அனுப்பி ஒரு வீட்டுத் தொலைக்காட்சியைத் திறக்கப்போய் அது புகைந்து, பெயர் கெட்டது போதும் என்றார். அது திறந்த கதை, தான் எதையும் திறக்கவில்லை, பின்னால் செருகுகிறேன் என்றாள். அப்போதுதான் அவர் உண்மையான காரணத்துக்கு வந்தார். பெடியன்கள் நாலு பேர், ஐந்து பேராகச் சேர்ந்து இருக்கிற வீடுகளுக்கு ஒரு பெண்பிள்ளை தனியாகப் போனால் கதை வரும், கடைக்கு வரும். அவள் சைக்கிளால் வந்த கதையே இன்னும் ஓயவில்லை.

இந்த இழுபறிக்கு நடுவில்தான் எண்பத்தேழாம் ஆண்டு பிறந்தது. ரயில்காரர்களின் வேலைநிறுத்தம் மூன்றாவது கிழமையாக நடந்துகொண்டிருந்தது, மெத்ரோவும் ஓடினால் ஓடும். பாரைப் பற்றிப் பேசியவர்களில் மூன்று பேர் சைக்கிளை இரவல் கேட்டு வந்தார்கள். மூன்று பேருக்கும் கொடுத்தாள். அவர்களும் காலைத் தூக்கித்தான் ஏறினார்கள் என்பதைப் பார்த்து வைத்துக்கொண்டாள்.

ஜனவரி முதல் சனிக்கிழமை பத்திநாதர் கடைக்கு வந்தார். ஓல்னே-சூ-புவாவிலிருந்து ஒரு மரக்கறி வானில் தொற்றிக்கொண்டு வந்திருந்தார். ஐம்பத்தைந்து வயது, குருநகர்க்காரர், கப்பலில் வேலை செய்து மார்செய்யில் இறங்கியவர், இப்போது ஒரு சலவைத் தொழிற்சாலையில் வேலை. அவருடைய செபக்கூட்டம் என்றால் ஓல்னேயில் இடம் காணாது. மனைவியும் ஒரே மகளும் ஊரில். மகளுக்குப் போன மே மாதம் கல்யாணம் நடந்தது, அவரால் போக முடியவில்லை. கல்யாணக் கசெட் ஆகஸ்டில் வந்தது. அதை ஸ்ரீஸ்கந்தராசாவின் முன்னால் வைத்து, ஊருக்குக் கொடுத்தனுப்ப அதற்கு நல்லதாக ஒரு உறை வேண்டும் என்று கேட்டார். திங்கட்கிழமை ஒருவர் கொழும்புக்குப் போகிறாராம், அவர் கையில் கசெட்டைத் திருப்பி அனுப்பப்போகிறாராம். கூடவே ஒரு கடிதமும் போகிறது, இனித் தனக்கு மகள் இல்லை என்று.

ஸ்ரீஸ்கந்தராசா ஆடிப்போனார். பத்திநாதர் மெதுவான குரலில் விவரம் சொன்னார். கோயிலில் பூசை முடிந்து வெள்ளைச் சீலையை மாற்றிவிட்டு விருந்துக்கு உடுக்க, பாரிசிலிருந்து அரக்குச் சிவப்பில் ஒரு சீலை வாங்கி அனுப்பியிருந்தார். ஒரு கிழமைச் சம்பளத்துக்கு மேல். மாப்பிள்ளையின் தாய் அதை வேண்டாம் என்று, தான் எடுத்த கரும்பச்சைச் சீலையைத்தான் உடுக்கச் சொன்னதாகக் கல்யாணத்துக்கு முன்பே கேள்வி. மகள் தன் கடிதத்தில் அப்பாவின் சீலையைத்தான் உடுத்தினேன் என்று எழுதியிருந்தாள். கசெட்டில் பார்த்தால் சீலை கரியாக இருக்கிறது. வாசலில் கட்டிய வாழையிலை எவ்வளவு கறுப்போ, சீலையும் அவ்வளவு கறுப்பு. இலை பச்சை என்றால் சீலையும் பச்சைதானே. "தகப்பன் வராததும் காணாமல் தகப்பன்ரை சீலையும் வேண்டாமாம். அதுக்கு மேலை பொய்க் கடதாசி" என்றார். ஐந்து மாதமாக அவர் ஊருக்குக் கடிதம் எழுதவில்லை. வந்த கடிதங்களை உடைக்கவும் இல்லை.

கவுண்டருக்குப் பின்னால் நின்ற மேரிறோஸால் பொறுக்க முடியவில்லை. கசெட்டில் நிறம் இருக்கிறது, தொலைக்காட்சியில்தான் இல்லை, இப்போதே இங்கேயே போட்டுக் காட்டுகிறேன், போய்ப் பெட்டியை எடுத்துவரக் கால்மணி நேரம் போதும் என்றாள். பத்திநாதர் அவளைத் திரும்பிப் பார்த்தார், அவளுடைய தலைமயிரையும் பார்த்தார். நாலு பேர் வந்துபோகிற கடையில் தன் பிள்ளையின் கல்யாணத்தைப் போடமாட்டேன் என்று சொல்லிவிட்டு, வெறும் கசெட்டோடு போய்விட்டார்.

அவர் போனதும் ஸ்ரீஸ்கந்தராசா கதவைச் சாத்தினார். அவள் மனதில் ஓடுவது அவருக்குத் தெரியும்.

"பிள்ளை, உதிலை தலை போடாதை. பத்தியண்ணை மரியாதையான மனுசன். நீ அங்கை போய் ஏதும் பிசகினா நான் இஞ்சை கடை வைச்சிருக்கேலாது. போனியோ, திங்கக்கிழமை கடைக்கு வரவேண்டாம்."

அவர் குரலை உயர்த்திச் சொல்லியிருந்தால் அவள் பயப்பட்டிருக்க மாட்டாள். கெஞ்சுவதுபோலச் சொன்னார், அதனால் அது நிச்சயம் என்று தெரிந்தது. அந்தச் சம்பளத்தில்தான் அவள் அறை வாடகையும், ஊரில் இரண்டு தம்பிமாரின் படிப்பும். அன்று மாலை முழுவதும் வாக்மனைக்கூடப் போடாமல் நடந்தாள். ஒரு பெண் தன் தகப்பனின் சீலையை உடுத்திக்கொண்டு சிரித்துக்கொண்டு நின்றிருக்கிறாள், அதைப் பிரான்சின் தொலைக்காட்சி பொய்யாக்கி வைத்திருக்கிறது, தன்னிடம் பெட்டி இருக்கிறது. போகாமல் இருந்தால் பிறகு எந்த முகத்தோடு அந்தக் கவுண்டரில் நிற்பது?

ஓல்னேயில் பத்திநாதரின் வீடு எங்கே என்று அவளுக்குத் தெரியாது. மினிதெலைத் தட்டினாள். பத்திநாதர் என்று தேடினால் கிடைக்கவில்லை, கிடைக்காது என்றும் அவளுக்குத் தெரியும். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. பிரெஞ்சுக் கந்தோர்கள் தகப்பன் பெயரைப் பிடித்துக் குடும்பப் பெயராக்கிவிடுகின்றன. இங்கே எல்லாரும் தகப்பன்மாரின் பெயரில்தான் தொலைபேசி வைத்திருக்கிறார்கள். கடைக் கொப்பியில் அவர் மனுவேல் பத்திநாதர் என்று கையெழுத்திட்டிருந்தது நினைவுக்கு வந்தது. மனுவேல் என்று அடித்தாள். ஓல்னேயில் இருபத்துநாலு மனுவேல்கள் வந்து இறங்கினார்கள், பெரும்பாலும் போர்த்துக்கீசர்கள். நாலு தடவை துண்டித்து, ஐந்தாவது தடவையில் ஆளைப் பிடித்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பூசையைத் தவறவிட்டுச் சைக்கிளில் ஏறினாள். சட்டைக்குள் இரண்டு செய்தித்தாள்கள், முதுகுப் பையில் பிஸ்கட் பெட்டி, ஈயம் பற்றவைக்கும் கோல், சுருள் ஈயம். லா வில்லெத்தைத் தாண்டி ஓபெர்வில்லியே, லெ பூர்ழே, லெ பிளாங்-மெனில் என்று போகும் வீதி வேலைநிறுத்தத்தால் கார்களால் அடைத்துக் கிடந்தது. அசையாமல் நின்ற கார் வரிசையின் ஓரமாக அவள் போனாள். உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பாரிசின் கார்கள் எல்லாவற்றையும் முந்தினாள். குளிரில் விரல்கள் இருப்பதே தெரியவில்லை, ஆனாலும் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. கல் பாவிய ஓரிடத்தில் சைக்கிள் குலுங்கிய குலுக்கலில் பைக்குள் ஏதோ கிலுங்கியது. நின்று பார்க்க நேரமில்லை.

பத்திநாதர் கதவைத் திறந்து, இவளா என்று பார்த்தார். பின்னால் அவருடன் தங்கியிருக்கும் மூன்று இளைஞர்கள் எட்டிப் பார்த்தார்கள். ரயில் இல்லையே, எப்படி வந்தாய் என்று கேட்டார். சைக்கிளில் என்றாள். லாச்சப்பலிலிருந்தா என்று கேட்டார். ஓம் என்றாள். அதற்குப் பிறகு அவரால் கதவை மூட முடியவில்லை. தேத்தண்ணி போடச் சொன்னார்.

மேசையில் பெட்டியைத் திறந்தபோதுதான் கிலுங்கியது என்னவென்று தெரிந்தது. தொலைக்காட்சிக்குச் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகக் கொண்டுபோகும் மூன்று கம்பிகளில் இரண்டு அறுந்து தொங்கின. மூன்றும் ஒரே வெள்ளைக் கம்பி. வேறு நிறம் அன்றைக்குக் கடையில் இல்லை, தனக்குத் தெரியும்தானே என்று வெள்ளையிலேயே செய்திருந்தாள். நாலு ஆண்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். விரைத்த விரலால் கோலைப் பிடித்து, நினைவில் இருந்தபடி பற்றவைத்துச் செருகினாள். கசெட்டைப் போடுங்கோ ஐயா என்றாள்.

கோயில் வந்தது, உள்ளே முகங்கள் நிழலாகத்தான் தெரிந்தன. மகளின் வெள்ளைச் சீலை வெள்ளையாகவே இருந்தது, கழுத்து நகை பொன்னாக மின்னியது. நிறத்தைக் கண்டதும் இளைஞர்களில் ஒருவன் கையைத் தட்டினான். பத்திநாதர் கசெட்டை முன்னால் ஓட்டினார். பந்தல் வந்தது. மகள் வந்தாள். சீலை பச்சை. நல்ல கரும்பச்சை.

 உண்மையை நிலைநாட்ட வந்தவள், அந்தப் பெண்ணின் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டாள். உண்மை இப்படியும் இருக்கலாம் என்று பதினைந்து கிலோமீட்டரில் ஒரு தடவைகூட அவள் நினைக்கவில்லை.

"பாத்தியே பிள்ளை" என்றார் பத்திநாதர். குரலில் கோபம்கூட இல்லை. "இவ்வளவு நாளும் கறுப்பா இருந்தது. ஒருவேளை, ஒருவேளை எண்டு ஒரு நினைப்பாவது இருந்தது. அதையும் எடுத்துப்போட்டாய். காணும், கழட்டு."

கழற்றத்தான் கையை நீட்டினாள். அப்போது திரையில் மாப்பிள்ளை திரும்பினான். அவன் முகம் பாசி பிடித்த சுவர்போல இருந்தது. அவனுக்குப் பின்னால் பந்தல் வாசலில் கட்டியிருந்த வாழை, இலையும் தண்டுமாகச் செக்கச்செவேலென்று நின்றது. சீலையையே பார்த்துக்கொண்டிருந்த பத்திநாதர் இதில் எதையும் பார்க்கவில்லை. மேரிறோஸ் பார்த்தாள். நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள்.

"கழட்டமாட்டன். ஐயா, சீலையை விடுங்கோ, வாழையைப் பாருங்கோ. வாழையிலை சிவப்பா இருக்கிற ஊர் எந்த ஊர்? பிழை என்னிலை. ரெண்டு கம்பியை மாறிப் பூட்டிப்போட்டன். பச்சையும் சிவப்பும் இடம் மாறிப்போச்சு."

கை தட்டிய இளைஞனே இப்போது சந்தேகப்பட்டான். கம்பியை மாற்றினால் சீலையின் நிறம் மாறும் என்றால், அவள் விரும்பிய நிறத்தை வரவழைக்கலாமே, எதை நம்புவது என்று கேட்டான். நியாயமான கேள்வி. மேரிறோஸ் கோபப்படவில்லை. "என்னை நம்ப வேண்டாம். இலை பச்சையா வாறமாதிரி நான் பூட்டுறன். இலை பச்சையா வந்தாப் பிறகு சீலை என்ன நிறத்திலை வருதோ, அதுதான் சீலை. அதை நான் மாத்தேலாது" என்றாள். பிறகு யாருடைய சம்மதத்துக்கும் காத்திராமல் பெட்டியைக் கழற்றி, மேசையில் வைத்து, இரண்டு கம்பியையும் சூடாக்கி இழுத்தாள்.  இலை பச்சையாக வந்து சீலையும் பச்சையாகவே இருக்கக்கூடும் என்று கடைசி நேரத்தில் ஒரு பயம் பிடித்தது. ஆனாலும் பற்றவைத்தாள்.

முதலில் வாழை வந்தது. பச்சை. ஊர்ப் பச்சை. அதன் முன்னால் அரக்குச் சிவப்புச் சீலையில் அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தாள்.

பத்திநாதர் நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் இருந்தார், தொலைக்காட்சிக்கு ஒரு முழம் தள்ளி. நிறுத்தச் சொன்னார். திரும்பவும் ஓடவிடச் சொன்னார். மகள் யாருக்கோ சோறு பரிமாறக் குனியும்போது முந்தானையைக் கையில் பிடித்துக்கொண்டாள், அழுக்குப் படாமல். அந்த இடத்தை நாலு தடவை பார்த்தார். "எழுதினவள்" என்று மட்டும் சொன்னார். "பிள்ளை எழுதினவள், நான் நம்பேல்லை." இளைஞர்கள் ஒவ்வொருவராகச் சமையலறைக்கு நழுவினார்கள். மேரிறோஸ் கோலை ஆறவைக்கிற சாட்டில் யன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அன்று பின்னேரம் வரைக்கும் அவர் ஐந்து மாதக் கடிதங்களை ஒவ்வொன்றாக உடைத்து வாசித்ததாகவும், திங்கட்கிழமை போகிறவரின் கையில் வேறு கடிதம் போனதாகவும் பிறகு தெரிந்தது.

திங்கட்கிழமை மேரிறோஸ் வழக்கமான நேரத்துக்குக் கடைக்குப் போனாள். வரவேண்டாம் என்று சொன்னவர் வாயால் அதை இன்னொரு தடவை கேட்டுவிட்டுத் திரும்பலாம் என்று போனாள். ஸ்ரீஸ்கந்தராசா அவள் முகத்தைப் பார்க்காமல் கசெட்டுகளை அடுக்கிக்கொண்டே பேசினார். பத்தியண்ணை நேற்று வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தாராம். ஓல்னேயில் அவருடைய கட்டிடத்திலேயே இன்னும் ஆறு வீடு பெட்டி கேட்கிறதாம். முதலாளி ஒரு யோசனை வைத்திருந்தார். அவள் பெட்டிகளைக் கடைக்குள் இருந்து செய்யட்டும், நல்ல சம்பளம் தருவார். வீடுகளுக்குத் தன் மருமகனை அனுப்புவார், ஆட்கள் கேட்டால் பெடியன் ஒருவன் செய்கிறான் என்று சொல்லிக்கொள்ளலாம். கதைக்கும் இடமில்லை, யாருக்கும் நட்டமில்லை.

"பெட்டி போனா நானும் போவன் அண்ணை" என்றாள் மேரிறோஸ். "நான் போகேலாத வீட்டுக்குப் பெட்டியும் போகாது."

அவர் பதில் சொல்லுமுன் கதவு திறந்தது. தோல் ஜக்கெட் போட்ட ஒருவர், பியர்ஃபித்திலிருந்து நடந்தே வந்திருக்கிறார், மூக்கு சிவந்திருந்தது. மேரிறோஸின் தலைக்கு மேலாக முதலாளியைப் பார்த்து, ரீவிக்குக் கலர் போடுகிறவர் ஒருவர் இந்தக் கடையில் இருக்கிறாராமே, அவர் எப்போது வருவார் என்று கேட்டார்.

ஸ்ரீஸ்கந்தராசா கையிலிருந்த கசெட்டை வைத்துவிட்டு மேரிறோஸைப் பார்த்தார். மேரிறோஸ் குனிந்து, வலது காற்சட்டைக் காலைக் கணுக்காலோடு இறுக்கி மடித்து, சங்கிலியில் சிக்காமல் இருக்க இரும்புக் கவ்வியை மாட்டினாள். நிமிர்ந்து, "எத்தினையாம் மாடி அண்ணை?" என்று கேட்டாள்.